தணிகைவேல் இண்டர்வியூவுக்கு உடுத்திப் போனவை

மாமல்லபுரம் குப்பத்துத் தணிகைவேலுக்கு உலகத்தைப் பற்றி ஒரு முடிவான கருத்து இருந்தது. வேலை என்பது ஆளுக்குக் கிடைப்பதில்லை, அவன் போட்டிருக்கிற துணிக்குத்தான் கிடைக்கிறது என்பதே அது. வாய்க்கு வந்ததை அவன் சொல்லவில்லை. இரண்டு இண்டர்வியூவுக்குப் போய், இரண்டிலும் மண்ணைக் கவ்வி, சொந்தச் செலவில் கண்டுபிடித்த உண்மை அது.

முதலாவது, செங்கல்பட்டில் ஒரு ஆபீஸில் பியூன் வேலை. மரியாதையாக இருக்கட்டும் என்று வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போனான். வாசலில் நின்ற ஆள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மனு கொடுக்க வந்தவர்களின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். தணிகைவேலும் இதுதான் இண்டர்வியூ வரிசை என்று பயபக்தியோடு நின்றான். இரண்டரை மணி நேரம் நகர்ந்து நகர்ந்து ஜன்னலை எட்டியபோது இண்டர்வியூ முடிந்து எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். முன்னால் நின்ற கிழவர் பிடித்துக்கொள்ளச் சொன்ன பட்டா மாறுதல் மனு ஒன்று மட்டும் அவன் கையில் மிஞ்சியது.

இரண்டாவது, கேளம்பாக்கம் பக்கத்தில் உப்பளக் காவல். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று கூட்டாளி ஒருவனிடம் பெல்பாட்டமும் பெரிய பெரிய பூப் போட்ட சட்டையும் வாங்கி மாட்டிக்கொண்டு போனான். பாத்திகளின் ஓரமாக நடந்து ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெல்பாட்டத்தின் இரண்டு வாயும் உப்பை வாரிக்கொண்டு முறுக்கிப்போய் நின்றன. அதிகாரி கேள்வி எதுவும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, எல்லாரும் வந்து இவனைப் பாருங்கள் என்று கூப்பிட்டார். அவ்வளவுதான் அந்த இண்டர்வியூ.

ஆகவே, 1974 வைகாசியில் மூன்றாவது இண்டர்வியூவுக்குக் கடிதம் வந்தபோது, என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்பது பற்றியெல்லாம் அவன் கவலைப்படவே இல்லை. என்ன உடுத்துவது என்பது ஒன்றே அவன் கவலை.

வேலை இதுதான். குப்பத்துக்கு வடக்கே இரண்டு மைலில், கடலைப் பார்த்தாற்போல் புதிதாக ஒரு ஓட்டல் வந்திருந்தது. வெள்ளைக்காரர்கள் வந்து தங்கி, நல்ல வெயிலில் மணலில் படுத்துக் கிடந்துவிட்டு, அலையின் குணம் தெரியாமல் கடலில் இறங்குவார்கள். போன வருடம் ஒருவரை அலை உருட்டி எடுத்துவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஓட்டலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குளிக்கிறவர்களைக் கரையில் உட்கார்ந்து கவனித்துக்கொள்ளவும், முழுகுகிறவர்களை இழுத்துப்போடவும் ஒரு ஆள் தேவை. மாதச் சம்பளம், மத்தியானச் சாப்பாடு, கம்பெனி உடுப்பு.

இந்த வேலை தணிகைவேலுக்குக் கிடைத்தே ஆகவேண்டும். காரணம் அவன் மச்சான் முனிசாமி. மனைவி கன்னியம்மாவின் அண்ணனான அவன் மெட்ராஸ் காசிமேட்டில் ஒரு மீன்பிடி லாஞ்சில் பங்கு போட்டிருந்தான். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஏற்கெனவே ஒரு தடவை நான்கு நாள் கூட்டிக்கொண்டு போயிருந்தான். மூன்று வயதிலிருந்து கடலில் குதிக்கிறவன் தணிகைவேல். கட்டுமரத்தில் எந்த அலையிலும் நிற்பான். ஆனால் லாஞ்சின் டீசல் புகை மூக்கில் ஏறியதும் குடலே வெளியே வந்துவிட்டது. நான்கு நாளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்து கிடந்தான். மாப்பிள்ளை வங்காள விரிகுடா மீனுக்கெல்லாம் தீனி போட்டுவிட்டு வந்தான் என்று முனிசாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அந்த அவமானம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த இண்டர்வியூவும் ஆகவில்லை என்றால் திங்கட்கிழமை காசிமேடு என்பது பேச்சு. கன்னியம்மாவுக்கு அப்போது ஆறாம் மாதம்.

கன்னியம்மா எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டாள்.

"கடல்ல வுழற வேலைக்கு இன்னாத்துக்குயா இஸ்திரி போட்ட சொக்கா?" என்று கேட்டாள்.

"வேலைதான்மே கடல்ல. இண்டர்வியூ ரூம்புல" என்றான் தணிகைவேல். அவளுக்கு இந்த நுணுக்கமெல்லாம் விளங்காது என்று அவனுக்கு ஒரு பரிதாபம்.

எவ்வளவு தூரம் போவது என்பதுதான் பிரச்சினை. முதலில் டை கட்டுவதாக யோசனை இருந்தது. டை யாரிடமும் இல்லாததால் முடிச்சை மட்டும் பழகிக்கொள்ளலாம் என்று ஒரு வலைக்கயிற்றை எடுத்தார்கள். முனிசாமிக்குத் தெரிந்ததெல்லாம் நங்கூரத்துக்குப் போடுகிற முடிச்சு. அவன் அதையே மாப்பிள்ளையின் கழுத்தில் போட்டு, சரியாக இருக்கிறதா என்று ஒரு இழுப்பு இழுத்தான். அந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகுவதற்கென்றே ஏற்பட்டது. கன்னியம்மா மீன் அரிகிற கத்தியைக் கொண்டுவந்து அறுத்த பிறகுதான் தணிகைவேலுக்கு மூச்சு வந்தது. அத்தோடு டை யோசனை கைவிடப்பட்டது. கோட்டு, வைகாசி வெயிலை நினைத்து அவனே விட்டுவிட்டது. கடைசியில் முழுக்கைச் சட்டை, அதை உள்ளே விட்டுப் போடுகிற பேண்ட் என்று தீர்மானமாயிற்று. அதிகமும் இல்லை, குறைச்சலும் இல்லை.

அது எங்கே கிடைக்கும் என்பது ஒரு பிரச்சினையே இல்லை. சலவைக்கு வந்த துணியை ஒரு நாள், அரை நாள் வாடகைக்கு விடுவது லாண்டரிக்காரர்கள் பலர் செய்கிற காரியம்தான். பெண் பார்க்கப் போகிறவன், போட்டோ பிடித்துக்கொள்கிறவன் எல்லாரும் அப்படித்தான் சமாளித்தார்கள். மாமல்லபுரத்திலேயே ஒரு லாண்டரி இருந்தது. ஆனால் தணிகைவேல் புத்திசாலி. உள்ளூர் லாண்டரியில் எடுத்தால் அது யார் சட்டை என்று உள்ளூரில் எவனாவது கண்டுபிடித்துவிடுவான். ஆகவே பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டி, பதினெட்டு மைல் போய்ச் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் தாண்டவராயன் லாண்டரியில் இறங்கினான். பதினெட்டு மைலுக்கு அப்பால் இருக்கிறவன் சட்டையை இங்கே யாருக்குத் தெரியும். இவ்வளவு தூரம் யோசிக்கிற மூளையைப் பார்த்து அவனுக்கே அவன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

தாண்டவராயன் அவன் தோள் அகலத்தை முழம் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு ஜோடியை எடுத்து வந்தார். மெல்லிய நீலக்கோடு போட்ட வெள்ளை பாப்ளின் சட்டை, கஞ்சி போட்டுத் தேய்த்து அட்டையாக நின்றது. சாம்பல் நிற டெரிலின் பேண்ட். சட்டையில் எல்லாம் வெள்ளைப் பொத்தான், மூன்றாவது மட்டும் பழுப்பு. காலருக்கு உள்ளேயும் பேண்டின் இடுப்புப் பட்டையிலும் சேங்கொட்டை மையால் ஒரு கோடும் மூன்று புள்ளியும் போட்டிருந்தது. யார் வீட்டுத் துணி என்று தெரிவதற்கு லாண்டரிக்காரர் போடுகிற குறி.

"இத்தோட ஆளு ரொம்பக் கறாரு" என்றார் தாண்டவராயன். "வியாழக்கெழம காலைலதான் வாங்க வருவாரு. புதன் ராத்திரிக்குள்ள வந்துடணும். குந்தறப்ப பாத்துக் குந்து. அக்குள்ல வேர்வ வுடாத. கொயம்பு வாசனையே கூடாது."

வாடகையாக ஒரு முழு வஞ்சிரத்தைக் கொடுத்துவிட்டுத் தணிகைவேல் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்தான். வீட்டுக்குள் வைத்தால் கருவாட்டு வாசனை ஏறிவிடும் என்று சவுக்குத் தோப்புக்குள் ஒரு கிளையில் கட்டித் தொங்கவிட்டு, எறும்பு ஏறாமல் காவலாக விடியும்வரை அங்கேயே படுத்துக் கிடந்தான்.

புதன்கிழமை காலை தோப்பிலேயே உடுத்திக்கொண்டான். மேலே என்ன போடுவது என்று ஒரு வாரம் மூளையைக் கசக்கியவன், உள்ளே என்ன போடுவது என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எப்போதும் கட்டுகிற சிவப்புக் கோவணம் எப்போதும்போல இருந்தது. அதன்மேல் பேண்டை ஏற்றிக்கொண்டு, அக்குளில் காற்றுப் பட இரண்டு கையையும் அகட்டி வைத்துக்கொண்டு கரையோடு நடந்தான். கன்னியம்மா வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஓட்டலில் இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். மூவரும் மெட்ராஸ் பையன்கள். நீச்சல் போட்டியில் வாங்கிய சர்டிபிகேட் வைத்திருந்தார்கள். ஆனால் சாதாரண அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாகத்தான் வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் தணிகைவேலுக்கு வேலை பாதி கிடைத்துவிட்டது.

உள்ளே மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் ஓட்டல் முதலாளி அமிர்தவல்லி அம்மாள். அறுபது வயதிருக்கும். மூக்கில் வைரம், கண்ணில் அதைவிடப் பளபளப்பு. இன்னொருவர் மேனேஜர் பூவராகவன். செங்கல்பட்டிலிருந்து தினம் வந்து போகிறவர், வெளுத்துப்போன அரைக்கைச் சட்டையில் கொஞ்சம் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். தணிகைவேல் உள்ளே நுழைந்ததும் அம்மாள் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா பூவராகவன்" என்றார். "கடல்ல எறங்கற வேலைக்கு வந்த பையன் எவ்வளவு லட்சணமா முழுக்கைச் சட்டை போட்டுட்டு வந்திருக்கான். மேனேஜர் நீங்க, இதைப் போட்டுட்டு வந்திருக்கீங்க."

நல்ல சட்டை லாண்டரியில் இருக்கிறது, இன்றைக்கு இண்டர்வியூ இருக்கிறதே என்று காலையில் ஸ்டேஷன் பக்கம் போய்க் கேட்டும் பார்த்தேன், இன்னும் காயவில்லை என்று சொல்லிவிட்டான் என்று பூவராகவன் சமாதானம் சொன்னார். சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அந்தக் கைக்குட்டையின் மூலையில் சேங்கொட்டை மையில் ஒரு கோடும் மூன்று புள்ளியும் இருந்தன.

தணிகைவேல் சட்டென்று காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பதினெட்டு மைல் பஸ் ஏறிப் போய், செங்கல்பட்டுப் பட்டணத்தில் இருக்கிற அத்தனை பேரில், இந்த மனுஷன் சட்டையையா கொண்டுவந்தோம் என்று நினைத்தான். உட்கார்ந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது. பூவராகவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது பொத்தானைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சட்டை எங்கப்பா தச்சது?" என்றார் கடைசியில்.

"மெட்ராஸ்ல சார்" என்றான் தணிகைவேல்.

"அந்த ஒரு பட்டன் மட்டும் ஏன் வேற?"

"எங்க வூட்ல தச்சாங்க சார்."

"அப்படியா" என்றார் பூவராகவன். அந்தப் பொத்தானை அவர் வீட்டில், அவர் மனைவி, அவர் கண்ணெதிரே தைத்திருந்தாள். ஆனால் அவர் என்ன செய்ய முடியும். இது என் சட்டை என்று சொன்னால், முதலாளியம்மா ஆயுசுக்கும் சிரிப்பார். தன் துணி ஊரெல்லாம் வாடகைக்குச் சுற்றுகிறது என்று ஒரு மேனேஜர் தன் வாயாலேயே எப்படிச் சொல்லுவார். தணிகைவேலுக்கோ அவர் கண்டுபிடித்தாரா, இல்லை சந்தேகம் மட்டும்தானா என்று தெரியவில்லை. அந்தக் குறி அவர் கண்ணில் படாதவரை தப்பிக்க இன்னும் வழி இருக்கிறது என்று நம்பினான்.

பேசிப் பேசி என்ன, தண்ணீரில் பார்த்துவிடலாம் என்று அம்மாள் எழுந்தார். எல்லாரும் கரைக்கு வந்தார்கள். கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் ஒரு மரக்கட்டையை நங்கூரம் போட்டு மிதக்கவிட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். போய் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும். மெட்ராஸ் பையன்கள் மூவரும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஜட்டியோடு நின்றார்கள். தணிகைவேல் அசையவில்லை. கழற்றினால் சட்டை மணலில் கிடக்கும், காலர் விரியும், கோடும் மூன்று புள்ளியும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"கழட்டிட்டு எறங்குப்பா" என்றார் பூவராகவன். "நல்ல சட்டை."

"ஆளு முழுவறப்ப பட்டன் கழட்டிகினு நிக்க முடியுமா சார்? அப்டியே வுழணும். அதான் நான் இப்பவே அப்டி வரேன்" என்றான் தணிகைவேல். எங்கிருந்து அந்தப் பேச்சு வந்ததோ அவனுக்கே தெரியாது.

அம்மாளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பையன் சொல்வது நியாயந்தானே என்றார்.

"உப்புத் தண்ணி பட்டா சட்டை கெட்டுடும்மா" என்றார் பூவராகவன்.

"அவன் சட்டை, அவன் கெடுத்துக்கறான். உங்களுக்கு என்ன?"

இதற்குப் பதில் பூவராகவனிடம் இருந்தது. வெளியே எடுக்கத்தான் முடியவில்லை.

விசில் அடித்ததும் மூவரும் ஓடிப் போய் அலையில் பாய்ந்தார்கள். அந்தக் கரையில் பெரிய அலை தொடர்ந்து சில வரும், அப்புறம் கொஞ்சம் தணியும். பெரிய அலை மூவரையும் உருட்டிக் கரையிலேயே கொண்டுவந்து போட்டது. தணிகைவேல் சும்மா நின்று பார்த்தான். அலை தணிந்ததும் அவசரப்படாமல் நடந்துபோய் இறங்கி, தலையைக் கொடுத்துப் புகுந்து வெளியே போய்விட்டான். கட்டையைத் தொடுகிற வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. திரும்பும்போதுதான் பேண்ட் வேலையைக் காட்டியது. இரண்டு காலிலும் தண்ணீர் நிரம்பி, முனிசாமியின் நங்கூரம்போல் பின்னால் இழுத்தது. பின்தங்கியிருந்த பையன்கள் இதற்குள் கட்டையைத் தொட்டுவிட்டுத் துரத்திக்கொண்டு வந்தார்கள். பேண்டா, வேலையா என்று அவன் ஒரு கணம் தயங்கினான். காசிமேட்டுப் புகை ஞாபகத்துக்கு வந்தது. இடுப்புப் பொத்தானைத் தெறிக்கவிட்டு இரண்டு உதை உதைத்தான். பேண்ட் கழன்று போயிற்று.

முதலில் கரையேறியது அவன்தான். மேலே முழுக்கைச் சட்டை, கீழே சிவப்புக் கோவணம். மணலில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து உட்கார்ந்து போட்டோ எடுத்தாள். அமிர்தவல்லி அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓட்டல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பூவராகவன் கிட்டே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பேண்ட் எங்கடா?"

"கடல்ல சார்."

"தீவாளிக்கு என் மாமனார் எடுத்துக் குடுத்ததுடா அது. வெள்ளிக்கெழம அவரு எங்க வீட்டுக்கு வராரு. வந்ததும் முதல்ல அதத்தான் கேப்பாரு."

தணிகைவேலுக்கு அழுகை வந்தது. இனி மறைக்க எதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். இரண்டு இண்டர்வியூவில் தோற்றது, வஞ்சிரம் கொடுத்தது, வீட்டில் ஆறு மாதம் என்பது, லாஞ்சுப் புகை ஒத்துக்கொள்ளாதது எல்லாம். பூவராகவன் கடைசிவரை கேட்டார். அப்புறம், அம்மாவிடம் முடிவு நாளை மாலை சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் பேண்ட் என் மேஜைமேல் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்றார்.

தணிகைவேல் கடலைப் பார்த்தான். பேண்டை உதறிய இடத்தைப் பார்த்தான். கரையில் நுரை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தான்.

"தண்ணி வடக்க இழுக்குது சார். நாளைக்கு விடியறப்ப பட்டிப்புலம் கரைல ஒதுங்கும்."

"கடல் என்ன உங்க வூட்டுக் கொடியாடா, காய வச்ச துணிய போய் எடுத்துட்டு வர்றதுக்கு?" என்றார் பூவராகவன். "சட்டையையாவது கழட்டிக் குடுத்துட்டுப் போ."

ஆக, ஒரு வார யோசனை, பதினெட்டு மைல் பஸ், ஒரு முழு வஞ்சிரம் எல்லாம் முடிந்து தணிகைவேல் வெறும் கோவணத்தோடு கரையோடு வீட்டுக்கு நடந்தான். கையை அகட்டி வைக்கவேண்டிய தேவை இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். கன்னியம்மா வாசலிலேயே நின்றாள்.

"காலைல கலெக்டர் கணக்கா போன" என்றாள். "இப்ப இன்னாய்யா இது?"

முனிசாமி சிரித்த சிரிப்பில் குப்பத்து நாய்கள் எழுந்து நின்றன. கடல் விழுங்கியதைக் கேட்டு வாங்க முடியாது, திங்கட்கிழமை லாஞ்சு, துணி மூட்டை கட்டு என்றான். மூட்டை கட்டுவதற்குத் துணி ஏது என்று வேறு கேட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் கோழி கூவும்போது தணிகைவேல் கிளம்பினான். கன்னியம்மாவும் கிளம்பினாள். ஆறாம் மாதத்தில் அத்தனை தூரம் மணலில் நடக்க வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். இரண்டு கண்ணைவிட நான்கு கண் நல்லது என்று அவள் முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

பட்டிப்புலம் கரையில் ஒன்றும் இல்லை. தென்னை மட்டை, அறுந்த வலைத் துண்டு, ஒற்றைச் செருப்பு. சூரியன் கடலிலிருந்து முழுசாக ஏறிவிட்டது. தணிகைவேல் மணலில் உட்கார்ந்தான். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. வேலை போனதைவிட, கடலைப் பற்றித் தான் சொன்னது பொய்யாகிவிட்டதே என்பது அதிகமாக உறுத்தியது. வேறு எதில் தோற்றாலும் இதில் அவன் தோற்றதில்லை.

"லாஞ்சில என்னால முடியாதுமே" என்றான். "பொக ஒத்துக்கல. கவுரவமா இருக்கட்டும்னு உங்கிட்ட சொல்லல."

"தெரியும்யா. ஊருக்கே தெரியும்" என்றாள் கன்னியம்மா. அவன் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் கழுத்தை நீட்டி வடக்கே பார்த்தாள்.

"அங்க யாரு, ஒர்த்தன் பாதி ஒடம்போட படுத்துகினு கீறான்?"

ஒரு கால் மணலில் புதைந்து, ஒரு கால் அலையோடு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. தணிகைவேல் ஓடினான். இடுப்புப் பட்டையைத் திருப்பினான். ஒரு கோடு, மூன்று புள்ளி. கடல் எவ்வளவு புரட்டியும் சேங்கொட்டை மை அழியவில்லை. வலது பாக்கெட்டில் ஒரு நண்டு குடியேறியிருந்தது. கையை விட்டுப் பார்த்தபோது அதுவும் தன் பங்குக்கு ஒரு பிடி பிடித்தது. வலிக்கிறது என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. கன்னியம்மா அவனைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிடைத்த பஸ்ஸில் செங்கல்பட்டு. சட்டையும் வராமல் பேண்டும் வராமல், முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்த தாண்டவராயன் அவனைக் கண்டதும் அடிக்கவே வந்துவிட்டார். சட்டை தன் சொந்தக்காரரிடமே போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து பேண்டை மூன்று தண்ணீரில் அலசினார். பொத்தான் தைத்தார். பெட்டியில் கரி போட்டார். இஸ்திரி ஆறுகிற வரைக்கும் தணிகைவேல் கடையைவிட்டு நகரவில்லை.

மாலை ஐந்து மணிக்குப் பொட்டலம் பூவராகவன் மேஜைமேல் இருந்தது. அவர் பிரித்தார். முகர்ந்தார். குறியைப் பார்த்தார். எழுந்து நின்று இடுப்போடு வைத்துப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து தணிகைவேலை வெகு நேரம் பார்த்தார்.

"அங்கதான் ஒதுங்கும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இந்த மாசத்துல இங்க முழுவுன ஆளும் அங்கதான் சார் ஒதுங்குவான். சின்னதுலேர்ந்து பாத்துகினு கீறேன்" என்றான் தணிகைவேல். "முழுவ வுட்டாத்தான சார் அங்க போய்த் தேடணும்."

பூவராகவன் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து கம்பெனி உடுப்பை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். ஒரு நீல அரை நிஜார், ஒரு சிவப்புப் பனியன். அவ்வளவுதான். காலர் இல்லை, பொத்தான் இல்லை, உள்ளே விடுவதற்கு எதுவும் இல்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டாலும், அந்த நிஜாரைப் பார்த்ததும் தணிகைவேலுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதை ஓரம் சேர்த்து நேர்த்தியாக மடித்தான்.

"இஸ்திரி போட்டுக்கலாமா சார்?"

"தாராளமா போட்டுக்க" என்றார் பூவராகவன். "ஆனா லாண்டரில மட்டும் குடுத்துடாத. நீயே தொவச்சு நீயே தேச்சுக்க."